ஹெட்போன் ஆம்ப்ளிபயர் மதிப்புரையில் எண்களும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்ப இணைப்பில் அண்மைக் காலமாக ஒலிக் கருவிகளுக்கும் இடம் தந்து வருகிறீர்கள். இது வரவேற்கத்தக்கது. ஆனால் மேசையில் வைத்துப் பயன்படுத்தும் நடுத்தர விலை ஹெட்போன் ஆம்ப்ளிபயர்களைப் பற்றி எழுதும்போது, இதமான ஒலி, விரிந்த மேடை, பட்டுப்போன்ற மேல்ஸ்தாயி என்ற சொற்களோடு மதிப்புரை நின்றுவிடுகிறது. தம்மிடம் உள்ள ஹெட்போனுக்கு இப்படியொரு கருவி தேவைதானா, தேவையென்றால் கூடுதல் காசு கொடுத்து உள்ளே பொருத்திக்கொள்ளும் டேக் அட்டையையும் (டிஜிட்டல் இசையை ஒலிச் சைகையாக்குவது) சேர்த்து வாங்கலாமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்காமலேயே வாசகர் பக்கத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது. வால்வு ரேடியோ காலத்திலிருந்து ஒலிக் கருவிகளைப் பழுது பார்த்து வருபவன் என்ற முறையில், இவ்வகைக் கருவியை எப்படி எடைபோட வேண்டும் என்பது பற்றிச் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரே ஒரு கருவியை எடுத்துக்கொள்கிறேன். ஜேசன் ஸ்டாடர்ட், மைக் மோஃபட் என்ற இரு பொறியாளர்கள் 2010-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஷிட் ஆடியோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். (ஆங்கில வசைச்சொல்லைப்போல் ஒலிக்கும் அந்தப் பெயர் அவர்களே விரும்பி வைத்துக்கொண்டது; பெரியவர்கள் இருக்கும் கூடத்தில் உரக்கப் படிக்க வேண்டாம்.) அவர்களுடைய முதல் கருவியான அஸ்கார்ட் என்ற ஹெட்போன் ஆம்ப்ளிபயரின் மூன்றாம் வடிவம் 2019-ல் 199 டாலர் விலையில் வெளிவந்தது. அதன் பின்புறத்தில் ஓர் அட்டை நுழையும் அளவுக்கு இடம் விட்டிருப்பார்கள். அதை வெறுமனே மூடியும் வாங்க முடிந்தது. ஜப்பானின் ஏகேஎம் நிறுவனத்தின் ஏகே4490 சில்லு கொண்ட டேக் அட்டையை 100 டாலர் கூடுதலாகக் கொடுத்தும் அப்போது வாங்க முடிந்தது. மல்டிபிட் என்று அழைக்கப்படும் வேறு வகை டேக் அட்டைக்கு 200 டாலர் விலை வைத்திருந்தார்கள். கணினியிலிருந்து வரும் எண் வடிவ இசையை மின்னழுத்த அலையாக மாற்றித் தருவதுதான் டேக். அந்த அலைக்கு ஹெட்போனை அசைக்கும் வலுவைக் கொடுப்பது ஆம்ப்ளிபயர். இரண்டும் வெவ்வேறு வேலைகள். ஒரே பெட்டிக்குள் இருப்பதால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் போட்டுவிட முடியாது. பெரும்பாலான மதிப்புரைகள் சறுக்குவது இங்கேதான்.

முதலில் ஆம்ப்ளிபயர். அது தேவையா இல்லையா என்பதைக் காது சொல்வதற்கு முன்பே கணக்கு சொல்லிவிடும். பெரும்பாலான ஹெட்போன்களின் பெட்டியிலோ விவரக்குறிப்பிலோ மின்மறுப்பு (மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) இத்தனை ஓம், உணர்திறன் (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பது) இத்தனை டெசிபல் என்று இரண்டு எண்கள் இருக்கும். சென்ஹைசர் ஹெச்டி 650-ஐ எடுத்துக்கொள்வோம். 300 ஓம், ஒரு வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் உச்சத்துக்குப் போகும் கணத்தில் 110 டெசிபல் வரை தாங்க வேண்டும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அதற்கு இரண்டேகால் வோல்ட் போதும். திறன் கணக்கில் 17 மில்லிவாட்டுக்கு மேல் இல்லை. அஸ்கார்ட் 3 அதே 300 ஓமில் 400 மில்லிவாட் தரவல்லது. கையில் உள்ள ஒலிமாற்று இணைப்பான், அதாவது கைபேசியின் சார்ஜர் துளையில் செருகும் சிறு வால் போன்ற சாதனம், ஆப்பிள் விற்பதைப் போன்றது, சுமார் ஒரு வோல்ட் தரும். அதைக் கொண்டே இந்த ஹெட்போனில் 103 டெசிபல் உச்சம் வரை போகலாம். மெல்லிய ஒலியில் கேட்பவருக்கு அதுவே தாராளம். பழைய ஒலிப்பதிவுகளைக் குறைந்த அளவில் பதிந்திருப்பார்கள் என்பதால் அவற்றைக் கேட்பவருக்குக் கொஞ்சம் போதாமல் போகலாம்; அவ்வளவுதான் வேறுபாடு. இதைச் சொல்லாமல், இந்தக் கருவியில் மாட்டியதும் ஹெச்டி 650 உயிர்பெற்றது என்று எழுதினால், பத்து டாலரில் முடிந்திருக்கக்கூடிய காரியத்துக்கு வாசகர் இருநூறு டாலரைத் தூக்கிக் கொடுக்கிறார்.

மறுபக்கம் ஹைஃபைமேன் ஹெச்இ-6 என்ற ஹெட்போன் இருக்கிறது. 50 ஓம்தான், ஆனால் ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல் மட்டுமே தரும். அதே 110 டெசிபலுக்கு இதற்கு ஏறத்தாழ 450 மில்லிவாட், அதாவது ஹெச்டி 650-க்கு வேண்டியதைப்போல் இருபத்தாறு மடங்குக்கும் மேல் வேண்டும். கைபேசி இணைப்பான் இங்கே உச்சத்திலேயே 96 டெசிபலைச் சற்றுத் தாண்டி நின்றுவிடும். பாட்டின் சராசரி அளவு அதற்கும் பதினைந்து, இருபது டெசிபல் கீழே கிடக்கும். அஸ்கார்ட் 3 போன்ற கருவி 50 ஓமில் 2.4 வாட் தருவதால் இதைச் சிரமமில்லாமல் ஓட்டும். ஓம் குறைவாக இருந்தால் ஓட்டுவது எளிது என்று கடைக்காரர்கள் சொல்வது பாதிதான் சரி என்பதற்கும் இந்த ஹெட்போனே சாட்சி. ஆகவே, எந்தெந்த ஹெட்போன்களில் சோதித்தோம், அவற்றின் ஓமும் டெசிபலும் என்ன என்ற ஒரு வரி மதிப்புரையில் இருந்தாலே வாசகர் தம் ஹெட்போனை அந்த வரிசையில் வைத்துப் பார்த்து முடிவுக்கு வந்துவிடுவார்.

திறன் அதிகம் என்பது எல்லோருக்கும் நன்மையும் அல்ல. காதுக்குள் செருகும் உயர்ந்த வகை இயர்போன்களில் ஒரு மில்லிவாட்டுக்கே 119 டெசிபல் தருபவை உண்டு; ஷுர் எஸ்இ535 அப்படிப்பட்டது. அதில் 80 டெசிபல் அளவில் பாட்டுக் கேட்க இரண்டு மில்லிவோல்ட் போதும். அஸ்கார்ட் 3-ல் கெயின் சுவிட்ச் இரண்டு நிலை கொண்டது: கீழ்நிலையில் வந்த சைகையைப் பெருக்காமல் அப்படியே விடும், மேல்நிலையில் சுமார் ஆறு மடங்காக்கும். கீழ்நிலையில் வைத்தாலும் இவ்வகை இயர்போனுக்கு வால்யூம் குமிழைத் தொடக்கத்திலிருந்து மயிரிழைதான் திருப்ப முடியும். அந்த இடத்தில்தான் குமிழுக்குள் காதுக்கு ஒன்றாக இருக்கும் இரட்டைத் தடையின் இரண்டு தடங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல், பாடகரின் குரல் நடுவிலிருந்து இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒதுங்கி நிற்கும். இது கருவியின் பழுதல்ல. தடை வகை வால்யூம் குமிழ் உள்ள எந்தக் கருவிக்கும் உரிய குணம். சோதிப்பது எளிது. இரண்டு காதுக்கும் ஒரே சைகையைத் தரும் பழைய மோனோ பாட்டு ஒன்றை ஓடவிட்டு, குமிழை மிக மெதுவாகத் திருப்பிக்கொண்டே வர வேண்டும். குரல் எந்த இடத்தில் நடுவுக்கு வந்து நிலைக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டால், அதற்குக் கீழே அந்தக் கருவி பயன்படாது என்று பொருள். பாட்டே இல்லாமல் இயர்போனை மட்டும் செருகி, நள்ளிரவில் விசிறியை நிறுத்திவிட்டு 'உஸ்' ஒலி கேட்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எந்த மதிப்புரையிலும் இந்த இரண்டு சோதனைகளையும் நான் கண்டதில்லை.

இனி வெளியீட்டு மின்மறுப்பு, அதாவது ஆம்ப்ளிபயரின் வெளியீட்டிலேயே இருக்கும் எதிர்ப்பு. பலரும் கவனியாமல் விடுவது இது. 'இதமான ஒலி' என்ற வருணனை பெரும்பாலும் பிறப்பதும் இங்கிருந்துதான். 1996-ல் வெளியான ஐஇசி 61938 என்ற பன்னாட்டுத் தரநிர்ணயம் ஹெட்போன் வெளியீட்டுக்கு 120 ஓம் வைக்கச் சொன்னது. அந்தக் கணக்கைப் பின்பற்றிய கருவிகளும், வால்வு கருவிகள் சிலவும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. ஹெச்டி 650-க்குப் பெயரளவில் 300 ஓம் என்றாலும், அதன் மின்மறுப்பு 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் 500 ஓமை ஒட்டி மேலேறும். 120 ஓம் வெளியீடு உள்ள ஆம்ப்ளிபயரில் இதை மாட்டினால், அந்தப் பகுதி மட்டும் மற்ற பகுதிகளைவிட ஒரு டெசிபல் அளவு தூக்கலாக ஒலிக்கும். மிருதங்கத்தின் தொப்பியில் (இடப்பக்கத் தோல்) கும்கி என்ற ஆழ்ந்த நாதம் விழும் இடம் ஏறக்குறைய அதுதான். கேட்பவருக்குத் தொப்பி கொஞ்சம் கொழுத்து, நிறைவாகத் தோன்றும். எழுதுபவர் அதை அந்த ஆம்ப்ளிபயரின் 'ஆன்மா' என்பார். அஸ்கார்ட் 3-ன் வெளியீட்டு மின்மறுப்பு ஒரு ஓமுக்கும் குறைவு. ஆகவே எந்த ஹெட்போனை மாட்டினாலும் அந்த ஹெட்போனின் குணம் அப்படியே வெளிப்படும். எனக்கு இதுவே முறையானதாகப் படுகிறது. தொப்பி கொழுக்க வேண்டும் என்று விரும்புகிறவர் கணினியின் ஈக்வலைசரில் அந்தப் பகுதியை ஒரு டெசிபல் உயர்த்திக்கொள்ளலாம். அதற்குக் காசு செலவில்லை, பிடிக்காவிட்டால் திரும்ப இறக்கிவிடலாம்.

ஒப்பிட்டுக் கேட்பதற்கு வருகிறேன். இரண்டு கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு இது உயர்த்தி, அது மட்டம் என்று எழுதுவதற்கு முன்னால், இரண்டும் ஒரே உரப்பில் ஒலித்தனவா என்பதைக் கட்டாயம் உறுதிசெய்ய வேண்டும். உரப்பு மாறினால் நம் காது கீழ்ஸ்தாயியையும் மேல்ஸ்தாயியையும் உணரும் விதமே மாறிவிடுகிறது என்பதை பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அரை டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் கருவியைக் காது 'உரக்கக் கேட்கிறது' என்று சொல்லாது. 'தெளிவாக இருக்கிறது' என்றே சொல்லும். விற்பனைக் கூடங்களில் விலை கூடிய கருவியின் குமிழ் எப்போதும் ஒரு கோடு அதிகம் திருப்பப்பட்டிருப்பது தற்செயல் அல்ல என்பது என் எண்ணம்.

உரப்பைச் சமப்படுத்த ஆய்வகம் எதுவும் வேண்டியதில்லை. எலக்ட்ரீஷியன் பையில் கிடக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். சாதாரண மீட்டர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை அளக்கச் செய்யப்பட்டது. அதனால் 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைக் கணினியில் ஓடவிடுவது நல்லது. ஒரு துளையை இரண்டாகப் பிரிக்கும் ஒய் இணைப்பானை ஆம்ப்ளிபயரில் செருகி, ஒரு கிளையில் ஹெட்போனையும் மறு கிளையில் மீட்டர் முனைகளையும் மாட்ட வேண்டும். ஹெட்போன் மாட்டியிருக்கும் நிலையில்தான் அளக்க வேண்டும். கழற்றிவிட்டு அளந்தால் வெளியீட்டு மின்மறுப்பின் வேலை கணக்கிலிருந்து தப்பிவிடும். முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொள்வது அவசியம், இல்லையென்றால் வெளியீடு ஷார்ட் ஆகிவிடும். முதல் கருவியில் 0.500 வோல்ட் காட்டினால், இரண்டாவதில் 0.495-க்கும் 0.505-க்கும் இடையில் நிற்கும்வரை குமிழைத் தட்டித் தட்டிச் சரிசெய்ய வேண்டும். ஒரு விழுக்காட்டு வேறுபாடு என்பது ஏறத்தாழ பத்தில் ஒரு டெசிபல். அதற்குக் கீழே காது ஏமாறாது. பிறகு, எந்தக் கருவி ஒலிக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியாதபடி வீட்டில் உள்ள ஒருவரைக் கம்பியை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். இப்படிச் செய்த பின்பும் வேறுபாடு தெரிந்தால் அதை எத்தனை அலங்காரமாக எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை.

அஸ்கார்ட் 3 போன்ற கருவியில் இந்த ஒப்பீட்டுக்கு ஒரு வசதி இயல்பாகவே அமைந்திருக்கிறது. உள்ளே இருக்கும் அட்டையிலிருந்து வரும் ஒலியையும், பின்புற ஆர்சிஏ துளைகள் (சாதாரண ஒலிக் கம்பி மாட்டுபவை) வழியாக வெளி டேக்கிலிருந்து வரும் ஒலியையும் ஒரே சுவிட்சால் மாற்றிக்கொள்ளலாம். ஆம்ப்ளிபயர் அதே, ஹெட்போன் அதே, குமிழும் அதே; மாறுவது டேக் மட்டும்தான். இரண்டின் அளவையும் கணினியில் சமப்படுத்திவிட்டு, ஒரே பாட்டை இரண்டுக்கும் அனுப்பி, கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டிக் கேட்டால், 100 டாலர் அட்டை என்ன தருகிறது என்பது சில நிமிடங்களில் விளங்கிவிடும். கருவியே தட்டில் வைத்துக் கொடுக்கும் இந்தச் சோதனையை மதிப்புரையாளர்கள் ஏன் செய்வதில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

அப்படிச் செய்தால் என்ன தெரியும்? ஒழுங்காக வடிவமைக்கப்பட்ட இரண்டு டேக்குகளுக்கு நடுவே வேறுபாடு மிகச் சிறியது, பலருக்கு இல்லவே இல்லை என்பதுதான் என் கணிப்பு. இதற்குத் துணையாக ஓர் ஆய்வைக் குறிப்பிடலாம். மேயர், மோரன் என்ற இருவர் 2007-ல் அமெரிக்காவின் ஒலிப்பொறியியல் கழக இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர் தெளிவு வட்டுகளின் ஒலியை நேராகவும், இடையில் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்ற சாதாரண சிடி தரத்தில் எண்ணாக்கி மீண்டும் அலையாக மாற்றியும் கேட்கச் செய்தார்கள். 554 முறை கேட்டதில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலும் இவ்வளவே வந்திருக்கும். முழுச் சிடி தரச் சுழற்சியே நடுவில் புகுந்தும் காதுக்குப் பிடிபடவில்லை என்னும்போது, 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டி மீது ஒட்டிய தங்க நிறச் சீட்டுக்காகப் பணத்தைக் கூட்டிக் கொடுப்பதற்கு முன் யோசிக்கத்தான் வேண்டும். 200 டாலர் மல்டிபிட் அட்டையைப் பற்றியும் எனக்கு இதே கருத்துதான். ஆம்ப்ளிபயருக்குக் கொடுக்கும் விலையையே அட்டைக்கும் கொடுப்பதைவிட, அந்தப் பணத்தை ஹெட்போன் மீது போடுவது பல மடங்கு பயன் தரும். ஒரு ஹெட்போனுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு பல டெசிபல் கணக்கில் இருப்பது. அதை உணரக் கண்ணை மூட வேண்டியதில்லை.

அதற்காக அட்டையே வேண்டாம் என்று சொல்லவில்லை. மடிக்கணினி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மேசையில் இடமும் இல்லாதவருக்கு, ஒரே பெட்டி, ஒரே மின்கம்பி, ஒரே யுஎஸ்பி கம்பி என்று முடிந்துபோவது பெரிய வசதி. ஆனால் அந்த அட்டைக்கு யுஎஸ்பி நுழைவு மட்டுமே உண்டு. தொலைக்காட்சியின் ஆப்டிகல் வெளியீட்டையோ சிடி பிளேயரின் கோஆக்சியல் வெளியீட்டையோ அதில் மாட்ட முடியாது. இதைத் தலைப்புக்குக் கீழேயே எழுதலாம்; அவ்வளவு முக்கியம். வாங்கிய பிறகு தெரிந்துகொள்பவர்கள் மறுபடியும் ஒரு தனி டேக் வாங்கி ஆர்சிஏ துளையில் மாட்ட, காசு கொடுத்த அட்டை உள்ளேயே சும்மா கிடக்கும்.

யுஎஸ்பி வழியில் இன்னொரு தொல்லையும் உண்டு. மேசைக் கணினி, ஆம்ப்ளிபயர் இரண்டும் மூன்று முள் பிளக் வழியாக எர்த்துடன் இணைந்திருக்கும். யுஎஸ்பி கம்பியும் இரண்டின் எர்த்தையும் இணைக்கும். இப்படி ஒரு வளையம் உருவானால், ஹெட்போனில் மெல்லிய 'கிர்ர்' ஒலி கேட்கும். சுட்டியை நகர்த்தினால் அந்த ஒலியின் சுருதியும் மாறும். மடிக்கணினியில் சார்ஜரைப் பிடுங்கியதும் அது மறைந்துவிட்டால் காரணம் இதுதான் என்று உறுதி செய்துகொள்ளலாம். நம் ஊர்ப் பழைய வீடுகளில் எர்த் கம்பி பெயரளவுக்கே இருப்பதால், சென்னையிலோ மதுரையிலோ உள்ள ஒரு வீட்டில் வரும் இரைச்சல், அமெரிக்க மதிப்புரையாளரின் அறையில் வந்திருக்கவே வாய்ப்பில்லை. ஒளியிழையால் இணைக்கும் ஆப்டிகல் வழியில் மின்தொடர்பே இல்லாததால் அங்கே இந்தச் சிக்கலும் இல்லை. நம் வாசகருக்காக எழுதும் மதிப்புரை இதைச் சோதித்தாக வேண்டும். கணினி, மடிக்கணினி, கைபேசி மூன்றிலும் மாட்டிப் பார்த்து ஒரு வரி எழுதினால் போதும்.

கழற்றி மாற்றக்கூடிய அட்டை என்ற ஏற்பாட்டின் உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. 2020 அக்டோபரில் ஜப்பானின் மியசாகி மாவட்டம் நொபேயோகா நகரில் உள்ள ஏகேஎம் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. ஏகே4490 உள்ளிட்ட அந்த நிறுவனத்தின் ஒலிச் சில்லுகள் சந்தையில் அரிதாகிப் போயின. உலகெங்கும் பல தயாரிப்பாளர்கள் அமெரிக்காவின் இஎஸ்எஸ் சில்லுகளுக்கு மாறி, பலகையையே புதிதாக வரைய வேண்டியதாயிற்று. சில்லு முதன்மைப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட கருவிகளுக்கு அது பெரிய வேலை. தனி அட்டை வைத்த கருவியில் அட்டையை மட்டும் மாற்றினால் போதும். வாங்கியவர் நோக்கிலும் இதே நியாயம்தான்: டேக் தொழில்நுட்பமும் யுஎஸ்பி வடிவமும் சில ஆண்டுகளுக்கொருமுறை மாறும், ஆனால் நல்ல ஆம்ப்ளிபயர் பகுதி இருபது ஆண்டு உழைக்கும். என் பட்டறைக்கு வரும் எழுபதுகளின் ஆம்ப்ளிபயர்கள் மின்தேக்கிகளை மாற்றியதும் இன்னும் பாடுகின்றன. ஆனால் மாற்று அட்டை தனியாகக் கிடைக்குமா, அதை வீட்டிலேயே திருகாணி கழற்றி மாற்றலாமா, அதனால் உத்தரவாதம் போகுமா என்பதை வாசகருக்குச் சொல்லியாக வேண்டும்.

வெப்பத்தைப் பற்றியும் நம் ஊரை வைத்தே எழுத வேண்டும். இவ்வகைக் கருவிகள் பாட்டு ஓடாதபோதும் உள்ளே கணிசமான மின்னோட்டத்தை ஓடவிடுவதால் உலோக மேல்மூடி சுடும். கலிபோர்னியாவின் குளிரூட்டிய அறையில் 'இதமான சூடு' என்று எழுதப்படுவது, சித்திரை மாதத்தில் வேலூரில் கை வைக்க முடியாத சூடாக இருக்கும். அதன் மேல் டேக்கையோ புத்தகத்தையோ வைத்து அடுக்கக் கூடாது. அஸ்கார்டில் மின் சுவிட்ச் பின்புறம் இருப்பதால், பலர் அதை அணைக்கவே மாட்டார்கள். சுவர் சுவிட்சை அணைத்துவிடும் நம் பழக்கம் இங்கே கைகொடுக்கும்.

மின்னழுத்தம் இதைவிட ஆபத்தான விஷயம். இதுபோன்ற கருவிகளில் உள்ளே மின்மாற்றி இருக்கும்; அது 115 வோல்ட்டுக்கோ 230 வோல்ட்டுக்கோ தனித்தனியாகச் சுற்றப்பட்டது. கைபேசி சார்ஜரைப்போல எதிலும் செருகலாம் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவிலிருந்து உறவினர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த ஓர் ஆம்ப்ளிபயர் ஒருமுறை என்னிடம் வந்தது. 230 வோல்ட்டில் செருகியதும் ஃபியூஸ் போயிருக்கிறது. அத்துடன் விட்டிருந்தால் ஒரு ஃபியூஸோடு போயிருக்கும். யாரோ ஒருவர் அதில் செம்புக் கம்பியின் இரண்டு இழைகளைச் சுற்றி மீண்டும் போட்டிருக்கிறார். மூடியைத் திறந்தபோது மின்மாற்றியின் மஞ்சள் நாடா கருகிச் சுருண்டிருந்தது. வார்னிஷ் கருகிய நெடி பட்டறையை விட்டுப் போக நேரமாயிற்று. அதே அளவில் மின்மாற்றி சுற்றித் தர உள்ளூரில் ஆள் கிடைத்தது கருவிக்கு உரியவரின் நல்லூழ்.

விலையையும் டாலரில் மட்டும் எழுதி விட்டுவிடுகிறார்கள். 199 டாலர் அமெரிக்கச் சம்பளக்காரருக்கு நடுத்தர விலையாக இருக்கலாம். கூரியர் கட்டணம், சுங்க வரி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து இங்கே வீட்டு வாசலுக்கு வரும்போது அது யாருக்கு நடுத்தரம் என்பது வேறு கேள்வி. பழுதானால் திருப்பி அனுப்பும் செலவும் வாங்கியவர் தலையில்தான். இந்தியாவில் முகவர் உண்டா, முகவர் தரும் உத்தரவாதம் எத்தனை ஆண்டு, அதில் கடல் கடந்து அனுப்பாமல் இங்கேயே சரிசெய்வார்களா என்று விசாரித்து ரூபாய்க் கணக்கில் எழுதினால், வாசகர் மேற்சொன்ன ஒலிச் சோதனைகளுக்குப் போவதற்கு முன்பே முடிவுக்கு வந்துவிடவும் கூடும்.

கருவி எங்கிருந்து வந்தது என்பதையும் மதிப்புரையின் அடியில் குறிப்பிட வேண்டுகிறேன். சொந்தக் காசில் வாங்கியதா, நிறுவனம் கடனாகக் கொடுத்ததா, திருப்பிக் கொடுத்தாயிற்றா என்பவை வாசகருக்குத் தெரிய வேண்டும். சமூக ஊடகங்களில் காசு வாங்கிக்கொண்டு போடும் பதிவுகளுக்கு விளம்பரம் என்று அடையாளமிட வேண்டும் என 2021-லேயே இந்திய விளம்பரத் தர மன்றம் நெறிமுறை வகுத்துவிட்டது. அச்சு இதழ் அதற்குப் பின்தங்கி நிற்கக் கூடாது.

காதின் நலம் பற்றியும் ஒரு வரி சேர்த்தால் நல்லது. இரண்டு வாட்டுக்கும் மேல் தரும் கருவி இளைஞர் கையில் கிடைக்கும்போது, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்ற உலக சுகாதார அமைப்பின் வரம்பு எளிதில் தாண்டப்பட்டுவிடும். மேலே நான் 110 டெசிபல் என்று எழுதியது கணநேர உச்சத்துக்கான கணக்கே தவிர, கேட்கும் அளவு அல்ல. கெயின் சுவிட்சைக் கீழ்நிலையிலேயே வைத்துத் தொடங்கச் சொல்வது பொறுப்பான அறிவுரை. இரண்டு வோல்ட் தரும் டேக்கோடு சேர்த்தால், ஹெச்டி 650-க்குக் கீழ்நிலையிலேயே 109 டெசிபல் வரை இடமிருக்கிறது; மேல்நிலைக்குப் போக வேண்டிய தேவை அநேகமாக வராது.

இணைப்பில் இடம் குறைவு என்பதை அறிவேன். அப்படியானால் கருவியின் பளபளப்பான முன்முகப் படத்தைச் சிறிதாக்கிவிட்டு, பின்புறப் படத்தைப் பெரிதாகப் போடுங்கள். எத்தனை நுழைவுகள், அட்டை உண்டா இல்லையா, மின் சுவிட்ச் எங்கே, ஒட்டியிருக்கும் சீட்டில் 115 வோல்ட்டா 230 வோல்ட்டா என்பவை அந்த ஒரு படத்திலேயே வாசகர் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
மதுரை.